நான்கு விரல் இடைவெளி

அந்த ஜன்னலின் தடுப்பை என் கையால்தான் கழற்றினேன். கேட்டபோது இல்லை என்றேன். முதலாவதற்காக நான் தலைகுனியப் போவதில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நான். மண்ணூரில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில், அளவெடுப்பதும் பொருத்துவதைக் கண்காணிப்பதும் என் வேலை. ஒரகடம் சாலையில் புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நீச்சல் குளத்தை ஒட்டிய அறைக்கு ஜன்னல் கேட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறை அது. குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி உண்டு, பூட்டிய கதவும் உண்டு. ஆனால் அந்த ஜன்னல், வேலிக்கு உள்ளே, நேராகத் தண்ணீரைப் பார்த்துத் திறக்கும்.

"கீழ தொறக்காத கெட்டிக் கண்ணாடி போடுவோம் சார். மேல, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துல காத்துக்குத் தொறப்பு வச்சிரலாம்" என்றேன்.

"குளத்துல இருந்து பார்த்தா அசிங்கமா இருக்கும்மா" என்றார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். "ஸ்லைடிங் போடுங்க. ரொம்பத் தொறக்காம ஒரு ஸ்டாப்பர் வச்சிடுங்க."

அன்றே அடம்பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நான்கு விரல் அகலத்துக்கு மேல் நகராதபடி தடுப்பு வைத்துக் கொடுத்தேன். பாதுகாப்பான ஜன்னல்தான்… காற்று மட்டும் வராது!

கோடையில் அந்த அறையின் ஏ.சி. பழுதானது. செயலாளரிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார். வாரங்கள் போயின. வேறு வேலையாக நான் அங்கே சென்ற ஒரு நாள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா அக்கா என்னை அறைக்குள் இழுத்துப் போனார். பென்னலூர்க்காரர். குளத்திலிருந்து உள்ளே புகுந்த குளோரின் நெடி, வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கண்ணை எரித்தது.

"இன்னா ஜன்னலு கோமதி இது? புள்ளைங்க இருமிகினே கீதுங்க பாரு. அந்தத் தடுப்பக் கழட்டி வுட்டுட்டுப் போ."

ஏழு குழந்தைகள். வேர்த்து, சிவந்து, இருமிக்கொண்டு… நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விதிமுறையை ஒப்பித்துவிட்டுப் படியிறங்கியிருப்பீர்களா?

"சரிக்கா. ஏ.சி. சரியானதும் சொல்லுங்க, மறுபடி மாட்டிருதேன்."

இரண்டு திருகுகள். கழற்றினேன். காற்று உள்ளே வந்தது. குழந்தைகள் ஜன்னலோரம் ஓடிவந்து சிரித்தன. அந்த நிமிடத்துக்காக நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்!

மூன்றாம் நாள், ஒரு குழந்தைக்கு அக்கா மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு பெண் குழந்தை பொம்மைப் பெட்டியின் மேல் ஏறி, ஜன்னல் வழியே வெளியே இறங்கிக் குளத்தில் விழுந்துவிட்டாள். மூன்று வயது. அக்கா அதே ஜன்னல் வழியாகப் பாய்ந்து, புடவையோடு தண்ணீரில் குதித்து அவளைத் தூக்கினார். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

திறந்திருந்ததால்தானே அக்காவால் குதிக்க முடிந்தது… இந்த வாதத்தை எனக்குள் எத்தனையோ முறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை. மூடியிருந்தால் குழந்தை விழுந்தே இருக்காது.

விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள். செயலாளர் அறையில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுதான் சார் கழட்டுச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் தன்னையும் சேர்த்தே சொன்னார். கவனித்தீர்களா? எதையும் மறைக்கவில்லை.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"இல்ல சார்."

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு முறை பார்த்தார், அவ்வளவே. அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பழுதான ஏ.சி.யைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மேலே திறப்பு வேண்டாம் என்றவரை எவரும் கேட்கவில்லை. அவர்தான் கேள்வி கேட்கும் நாற்காலியில் இருந்தாரே! அந்த நாற்காலியின் முன்னால் நான் பயந்தேன். பயந்தவளைக் கோழை என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் என்னை மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த அறையில், நான் முதலில் சொன்னபடியே, கீழே கெட்டிக் கண்ணாடியும் மேலே திறப்புமாக மாற்றிவிட்டார்கள். நான்தான் பொருத்தினேன்.

மாதங்கள் கழித்து வசந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னேன், என் மேல்தான் தப்பு என்று.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற?" என்றார். "எனக்குத்தான் தெரியுமே. அங்க போயி சொல்லு."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

அந்தக் குடியிருப்பின் வாசலை வாரத்தில் ஆறு நாள் பேருந்தில் கடக்கிறேன். அக்கா அப்படிச் சொன்ன பிறகு ஒரு முறையும் அங்கே இறங்கியதில்லை. அங்கே சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்…