கட்டைக் குரல்

எங்கள் வீட்டுக்கு மெஷின் ரம்பம் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, மெட்ராஸ் துறைமுகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏலம் விட்ட பழைய சாமான்களோடு பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஒன்றையும் எடுத்து வந்துவிட்டார். நீளமான தகடு, அதைச் சுற்றி சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின், செயின் முழுக்கப் பல். கே.ஜி.கண்டிகைப் பக்கம் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரோடு எழுந்து வந்து பார்த்தார்கள். பாவா லாரி வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் அடித்த புயலில் சுற்றுப்பட்டு ஊர்களில் வேம்பும் புளியும் ஏகத்துக்குச் சாய்ந்து கிடந்தன. அடிமரம் பெரிதாக இருந்தால் வண்டியில் ஏற்றித் திருத்தணி ரம்பப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. இவர்கள் மரம் கிடந்த இடத்துக்கே போய்ப் பலகையாக அறுத்துக் கொடுத்தார்கள். வெல்டிங் கடையில் ஒரு இரும்புச் சட்டம் செய்து ரம்பத்தில் மாட்டியிருந்தார்கள். மரத்தின் மேல் ஒரு ஏணியைப் படுக்கவைத்து ஆணியடித்து, அதன்மேல் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனால் பலகை ஒரே கனத்தில் வரும். இஞ்சின் பக்கம் என் வீட்டுக்காரர். எதிர்முனையில் கைப்பிடியைப் பிடித்து இழுப்பவர் பாவா.

சாயங்காலம் இரண்டு பேரும் உடம்பெல்லாம் மரத்தூள் அப்பி, மாவில் தோய்த்த பஜ்ஜி வாழைக்காய் மாதிரி வந்து நிற்பார்கள். புளியமரம் அறுத்த அன்று தும்மலிலேயே விளக்கு அணைந்துவிடும். பாவாவுக்கு ரம்பத்தின் அதிர்வில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். காலையில் பீடி அவர் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கும். அவருக்குத் தெரியாது, அக்கா மோப்பம் பிடித்து வந்து தட்டிவிடுவாள். என் வீட்டுக்காரர் காதில் கொஞ்சம் பஞ்சு வைப்பார். அதுவும் ஞாபகம் இருந்தால்தான். அவ்வளவு சத்தம் காதுக்கு ஆகுமா என்று கேட்டால், சத்தம் போடாத இஞ்சினை எவன் நம்புவான் என்பார்.

ரம்பம் வந்து இரண்டாவது வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்காமல் போக ஆரம்பித்தார். சீயக்காய் வாங்கிவரச் சொன்னால் பீர்க்கங்காய் வந்தது. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் தலையைத் தலையை ஆட்டுவார், போகமாட்டார். இத்தனைக்கும் பாவா மாட்டுக்கொட்டகைப் பக்கத்திலிருந்து, "சகலை, டீ குடிக்கலாமா?" என்று முனகினால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அக்கா அடுத்த வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மனுஷன் நடிக்கிறார்.

நடிப்பவருக்கு ஏற்ற பாடம் வேண்டாமா? ஒரு நாள் மத்தியானம் அவர் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு செயின் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று மரியாதையாகச் சொன்னேன். "ஏங்க, நானும் அக்காவும் டென்ட் கொட்டாய்க்குப் படம் பாக்கப் போறோம். இன்னிக்கு வூட்ல சோறு கெடையாது. போலாம் தானே?" பதில் இல்லை. மறுப்புச் சொல்லாதது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் குளிக்கக் கிணற்றுப் பக்கம் போனதும் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தோம். அந்தப் படத்தில் கதாநாயகி அழுத இடத்தில்கூட நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

திரும்பி வந்தபோது அவர் ஈரத்துண்டோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். துண்டு உடம்பிலேயே காய்ந்திருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, எங்கேயாவது சாவு விழுந்துவிட்டதோ என்று பயந்துபோய் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நன்றாகவே நடிக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன்.

சந்தேகம் தீர்ந்தது குக்கரால். பருப்பை ஸ்டவ்வில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் இறக்கச் சொல்லி, அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். குழாயடிக்குக் கேட்டது விசில். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். குக்கருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகத் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். பருப்பு கரிந்து நாறியது. பருப்புக்கடைசல் என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர். பெண்டாட்டியை ஏமாற்றுவார், பருப்பை ஏமாற்றமாட்டார்.

மறுநாளே ரயிலேறி மெட்ராஸில் ஒரு காது டாக்டரிடம் போனோம். காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இவர் சில சத்தத்துக்கு உடனே அமுக்கினார். பல சத்தத்துக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த சத்தம் கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தம் போய்விட்டது, போனது திரும்பாது, பஞ்சு எதற்கும் உதவாது, காதை நன்றாக மூடும் உறை போட்டால் மிச்சமாவது நிற்கும் என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"ஒங்க குரல் கொஞ்சம் கீச்சுக்குரலும்மா. அதான் அவருக்கு எட்டல."

ஈரத்துண்டோடு அவர் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. ஆனால் அந்த வருத்தம் அரக்கோணம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம் இவர் சொல்லிக்கொண்டு வந்தார்: "எம் பொண்டாட்டி பேசறது மட்டும் கேக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு." முகத்தில் அப்படி ஒரு பெருமை. எதிரில் இருந்த பெரியவர் அந்த டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரித்தார்.

ஊருக்கு வந்ததும் வேண்டாத வேலைக்கெல்லாம் டாக்டரைக் காட்டித் தப்பித்தார். சரி, குரலை மாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அவர் வேலைக்குப் போனபின் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தாடையை நெஞ்சோடு அழுத்தி, அடித்தொண்டையில் பேசிப் பழகினேன். "சோறு துன்னவா. ரேஷனுக்குப் போ." முதலில் இருமல் வந்தது. பத்து நாளில் அசல் கட்டைக் குரல் வந்துவிட்டது. பின்பக்கம் கட்டியிருந்த எருமை நான் பேசினால் திரும்பிப் பார்க்கும்.

எருமை மட்டுமா கேட்டது? எதிர்வீட்டு அம்மாவும் கேட்டாள். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில், சாத்திய கதவுக்குள் ஆம்பிளைக் குரல்! அந்த அம்மா பாவம், நல்ல எண்ணத்தோடு ஒரு நாள் இவரைத் தெருமுனையில் நிறுத்தி, விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னாள். அவளுடையது என்னைவிட மெல்லிய குரல். இவருக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஆங், ஆங், தெரியும்மா. பரவால்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் விவரிக்கப் போவதில்லை. அக்காதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்து, சொல்ல முடியாமல் மூச்சுத்திணறச் சிரித்தாள். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கட்டைக் குரலில், "காப்பி சாப்டறீங்களா?" என்றேன். காப்பியைக் கையில் வாங்கவே அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

காது உறை விஷயம் அத்தனை சுலபமாக முடியவில்லை. பாவா மெட்ராஸில் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் தேங்காய் மூடி மாதிரி, நடுவே ஒரு வளையம். அதை மாட்டினால் டெலிபோன் ஆபீஸ் பொம்பளை மாதிரி இருக்கும் என்று இவர் தொடவே மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. நானே மாட்டிக்கொண்டேன். காலையில் எழுந்ததிலிருந்து உறையோடுதான் அடுப்பு வேலை, மாட்டு வேலை எல்லாம். வெந்நீர் கேட்டார், சட்டை கேட்டார், சோறு கேட்டார். நான் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் என் முன்னால் வந்து நின்று, கையை ஆட்டி, உறையைக் கழற்றச் சொன்னார்.

"கத்திக் கத்தி தொண்ட வத்திப்போச்சுடி."

"எனக்கு எத்தினி நாளா வத்திகினு இருந்திச்சி?" என்றேன், கட்டைக் குரலில்தான்.

அவர் உறையை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். பாவாவும் கைக்குத் தடித்த துணியுறை தைத்துத் தரச் சொல்லி அக்காவிடம் நின்றார்.

கொஞ்ச நாளில் ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு மரம் அறுக்கும் வேலை வந்தது. கொல்லையில் சாய்ந்த வேம்பு. நானும் சோறு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். வீட்டுக்குள் பவர்லூம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ரம்பம் கொசு. ஆனால் அந்த வீட்டில் யாரும் கத்தவில்லை. தறிக்கு இந்தப் பக்கம் நின்ற மனைவி உதட்டை மட்டும் அசைத்தாள். அந்தப் பக்கம் நின்ற கணவன் புருவத்தைத் தூக்கினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று பிறகு அவளைக் கேட்டேன். வந்திருப்பவர் தலையில் தேங்காய் மூடி எதற்கு என்று பேசிக்கொண்டார்களாம்.

வேலை நடந்த அத்தனை நாளும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். ராத்திரியில் வீட்டில் சொல்லிக்கொடுத்தால், என் வீட்டுக்காரர் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் காவடிக் கூட்டம் எங்களை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டது. மேளம், பம்பை, அரோகரா. இருபது தலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் உதட்டை அசைத்தார். தன் சித்தப்பா வீட்டார் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள், பார்த்தால் நாலு நாள் நம் வீட்டில் தங்கிவிடுவார்கள், மறுபக்கமாக இறங்கிவிடலாமா என்று கேட்டார்.

நான் புருவத்தைத் தூக்கினேன். இறங்கிவிட்டோம்.