நூறுக்குப் பின் ஒரு புள்ளி

காலை எட்டரை மணி. முதலில் கண்ணில் பட்டது ஓவர்சியர் அண்ணாச்சி கையிலிருந்த கண்ணாடிக் குவளை. குற்றாலத்து மழைமானியில் சேர்ந்திருந்த நீரை அதில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு" என்றார். ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்து, ஒரு பங்கைச் சென்ட் என்பார்கள். அங்கே யாரும் புள்ளி வைத்து மழையைச் சொல்வதில்லை. பதிவேட்டிலும் முழு எண்தான்.

அறுபதுகளின் பிற்பகுதி. சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் கூடத்தில் நிரல் எழுதும் தற்காலிக வேலை எனக்கு. அண்ணாச்சியின் பதிவேட்டை அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க, பருவ மழையைக் கூட்டியது என் நிரல். அவர் கையால் கூட்டி அனுப்பியிருந்தது முப்பத்தொரு அங்குலம். இயந்திரம் சொன்னது ஒன்பது. பொய்யாக மழை எழுதியதாக அவருக்கு மெமோ போனது. மூன்று நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டைப் பார்த்துவர என்னைக் குற்றாலத்தை அடுத்த தென்காசிக்கு அனுப்பினார்கள்.

"ஏலே தம்பி, ஒங்க மெஷினை ஒருநா இங்கன கொண்டாந்து நிறுத்து. நனையுதா இல்லையான்னு பாப்போம். நான் இருவது வருசமா நனையுதேன்" என்றார். சிரிக்கவில்லை. குவளையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

அவர் சொன்ன நாற்பத்தைந்தை நிரல் தாளில் வைத்துப் பார்த்தேன். சென்டை நூறால் வகுத்து அங்குலமாக்கும் வரி அதில் இருந்தது. இரண்டையும் முழு எண் வகையாக விட்டிருந்தேன். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் இயந்திரம் பின்னத்தை வைத்துக்கொள்ளாது. நாற்பத்தைந்து பூஜ்யமாகும். அடைமழை நாளின் நூற்றைம்பது, ஒன்றாகும். சாரல் நாட்கள் அத்தனையும் போய்விட்டன. சென்டைப் பின்ன வகைக்கு மாற்றி, நூறுக்குப் பின் ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும்.

"அந்த நாப்பத்தஞ்சு எங்கன போச்சு?" என்றார், நான் தாளில் போட்ட பூஜ்யத்தைப் பார்த்து.

"விட்டுப்போச்சு அண்ணாச்சி."

"யாரு விட்டா?"

"சென்னையில போய்ப் பாக்கணும்" என்று தாளை மடித்தேன்.

அன்றே தந்தி கொடுத்திருக்கலாம். தபால் ஆபீஸ் வாசல் வரை போனேன். வேலை நிரந்தரமாவோர் பட்டியலில் என் பெயர் சேரவேண்டிய மாதம் அது. பதிவேட்டில் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுத் தென்காசியிலேயே தங்கினேன். ஒவ்வொரு காலையும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மெமோவின் கெடு கடந்து, நான்காம் நாள்தான் உண்மையை எழுதித் தபாலில் சேர்த்தேன். ஐந்தாம் நாள் அவரை வீரகேரளம்புதூருக்கு மாற்றி, உடனே புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது. திருத்திய நிரல் முப்பத்தொன்று என்று சொன்னபோது மாதம் ஒன்று ஆகியிருந்தது. மாறுதல் ரத்தாகவில்லை.

இரவெல்லாம் பெய்த சாரல் இன்னும் விடாத ஆறாம் நாள் காலை எட்டரைக்கு மழைமானி அருகே போய் நின்றேன். யாரும் வரவில்லை. பொழுது ஏற ஏறச் சட்டை முழுக்க நனைந்தது.

பின்னாளில் பத்திரிகை வேலைக்கு வந்து, ஒரு செய்திக்காக அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் நனைந்த அந்த நாளுக்கு நேரே வேறொரு கையெழுத்தில் பூஜ்யம் எழுதியிருந்தது.