வீங்கிய காலுக்கு ஒழுக்க வகுப்பு

கர்ப்பமான பள்ளிப் பெண்களுக்கு வழிகாட்ட எங்கள் மகளிர் சங்கம் எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் ஒழுக்கம். மீதி, மீஹூன் சாப்பாடு. பிரஷரை எங்கே பார்ப்பது, வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முதுகில் ‘வழிகாட்டி’ என்று அச்சடித்த நீலச் சட்டை தந்தார்கள். நானும் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட பெண்ணுக்குப் பதினேழு வயது, வயிற்றில் ஏழு மாதம். சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கம், மாசாயில் நான்காவது மாடி வீடு. அவள் அம்மா விடிந்ததும் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார். மூச்சு வாங்கப் படியேறிப் போய் உட்கார்ந்து, சங்கம் கொடுத்த தாளில் இருந்த முதல் கேள்வியை வாசித்தேன்.

“செஞ்ச தப்ப உணர்ந்துட்டியாம்மா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அக்கா, ரெண்டு நாளா காலு வீங்கியிருக்கு. தலை வேற வலிக்குது. இது எல்லாருக்கும் வர்றதா?”

எனக்குத் தெரியவில்லை. தாளிலும் இல்லை.

காரில் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வர்றீங்களே, படிச்சவங்கதானே நீங்க?” என்றார். நியாயமான திட்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் சங்கத் தலைவி போன் செய்தார். “ஞாயித்துக்கிழமை குடும்ப விழா. அந்தப் புள்ளைய மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. மத்த புள்ளைங்களுக்குப் பாடமா இருக்கும்.”

“அவ ஆஸ்பத்திரியில இருக்கா.”

“அலமாக்! அப்ப வார்டுலயே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க லா. மூஞ்சிய மறைச்சிக்கலாம்.”

எப்படி இருக்கிறாள், உயிருக்கு ஆபத்தா என்று கேட்கவே இல்லை. குழந்தைக்குக் காரணமானவன், தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் ஒரு பையன்; அவனை மேடையேற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அவனையும் கூப்பிடலாமே என்று கேட்டேன்.

“ஆம்பள புள்ளைய கூப்ட்டா வருவானா?” என்று சிரித்தார்.

“அப்ப நானும் வரல” என்று போனை வைத்தேன்.

அதோடு சங்கத்தை விட்டேன். மூன்று வாரம் கழித்து, நாள் ஆகுமுன்னே, ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை அகலம்தான் முதுகு. பிழைத்துக்கொண்டது. அவள் அம்மா இரவு வேலைக்கு மாறி, பகலில் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்தப் பெண் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதினாள், கணிதம் மட்டும் போயிற்று, அதையும் மறுபடி எழுதித் தேறினாள்.

இடையில் சங்கத்தின் ஆண்டறிக்கை என் கைக்கு வந்தது. ‘வழிதவறிய மகளை மீட்டோம்’ என்று அவளைப் பற்றி ஒரு முழுப் பக்கம், கீழே தலைவியும் சங்கத்தாரும் நிற்கும் போட்டோ. அவளிடம் காட்டினேன். படித்து முடித்தவள் கேட்டாள்: “யாருக்கா இவங்கெல்லாம்?”