நின்றபடி தூங்கிய மல்லிகா

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் ஏழுமலை வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பிஸ்கட். அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

“யோவ் ஏழுமல... நீ குடுத்த குதிர கீழ வுழுந்து கெடக்குதுய்யா! கால நீட்டிக்கிட்டுக் கெடக்குது. கூப்புட்டா தலையத் தூக்க மாட்டேங்குது. இன்னாய்யா, சீக்குக் குதிரய என் தலையில கட்டிட்டியா?”

பேசியவர் பலராமன். வானூர் பக்கத்து விவசாயி. கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று வாடகைக்கு விடலாம் என, பொங்கல் முடிந்த கையோடு ஏழுமலையிடமிருந்து அந்தக் குதிரையை வாங்கிப் போனவர்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஏழுமலையின் மனைவி அஞ்சலை, கத்தியோடு வாசலுக்கு ஓடி வந்தார். “மல்லிகாவுக்கு இன்னா ஆச்சு?”

குதிரையின் பெயர்தான் மல்லிகா. என்னிடம் கார் இருந்தது. மூன்று பேரும் ஏறினோம். கையைக் கழுவக்கூட அஞ்சலை நிற்கவில்லை. கார் முழுக்க வெங்காய வாசனை.

கார் வானூர் போய்ச் சேருவதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலையும் அஞ்சலையும் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்தத் தடவை ஏழுமலைக்கு ஒரு ஐடியா வந்தது. ஈசிஆரில் வருகிற கூட்டம் லீவு நாளில் பீச்சுக்கு வராமலா போகும்? ஒரு குதிரை இருந்தால் பிள்ளைகளை ஏற்றி ஒரு ரவுண்டு அடிக்கலாமே? குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் குதிரையை இவரிடம் விட்டுப் போனார். அதுதான் மல்லிகா. காப்பிப் பொடி நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயர் வைத்தது அஞ்சலை.

கட்டி வைக்க இடம்? அதுவும் தயாராக இருந்தது. உப்பள ஓனரின் பழைய உப்புக் கொட்டகை இந்த மழைக்குக் காலியாகக் கிடந்தது. ஓடு வேய்ந்தது, மூன்று பக்கம் சுவர். ‘நம்ம வீட்டைவிட நல்ல வீடு’ என்று ஏழுமலைக்கு ஒரே பெருமை.

மல்லிகா அங்கே நின்றுகொண்டே தூங்கியது. ஒரு பின்னங்காலை லேசாக மடக்கி, தலையைத் தொங்கப்போட்டு, உதடு தொளதொளவென்று ஆட... டீக்கடையில் இதுதான் பேச்சு. “பாருய்யா, பாய் வேணாம், தலகாணி வேணாம், நின்னுக்கினே தூங்குது!” என்று ஆளாளுக்கு வியந்தார்கள். நானும்தான். மாத்திரை போட்டும் தூக்கம் வராத ஜாதி நான். பொறாமையாகக்கூட இருந்தது.

மார்கழி வந்தது. கடற்காற்று சில்லென்று அடித்தது. நாங்கள் எல்லோரும் மங்கி குல்லாவுக்குள் போய்விட்டோம். அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. “வாயில்லாத ஜீவன், குளிருதுன்னு சொல்லவா போவுது?” என்று கொட்டகை மூலையில் கிடந்த பழைய சாக்குகளை எடுத்துக் கோணி ஊசியால் தைத்து ஒரு போர்வை செய்தார். சாயந்திரம் போர்த்துவார். காலையில் எடுப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

மல்லிகா இளைத்தது. பீச்சில் நிற்கும்போதே கண் சொக்கி, முன்னங்கால் மடங்கி, திடுக்கிட்டு நிமிரும். கணுக்கால் முன்பக்கம் தோல் உரிந்து புண். ஒரு நாள் முதுகில் ஒரு குழந்தையோடு அப்படி மடங்கியது. நல்ல வேளை, ஏழுமலை குழந்தையைத் தாங்கிப் பிடித்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். “சோம்பேறிக் குதிர. வயசும் ஆயிடுச்சு. நாளைக்கு எந்தப் புள்ளையாவது வுழுந்துச்சுன்னா நான் ஜெயிலுக்குத்தான் போவணும்.”

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. மல்லிகாவைப் பலராமனின் லாரியில் ஏற்றிய அன்று அஞ்சலை சோறு தின்னவில்லை. ‘உப்பு வேலை முடிஞ்சு அடுத்த மழைக்குத் திரும்பக் கூட்டியாந்துடலாம்’ என்று ஏழுமலை ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை அஞ்சலை நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது அது விழுந்து கிடக்கிறது என்றால்...?

பலராமன் வீட்டை அடைந்தோம். மாட்டுக் கொட்டகை ஓரம், வைக்கோல் பரப்பிய தரையில் மல்லிகா பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. கழுத்து தரையோடு தரையாக. நாலு காலும் நீண்டிருந்தன. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பலராமன் பதறிப்போய் வரவழைத்த கால்நடை டாக்டர். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“ஒண்ணும் இல்லைங்க. தூங்குது.”

தூங்குகிறதா? உற்றுக் கேட்டோம். மெல்லிய குறட்டை. ஒரு கால் விலுக்கென்று உதறியது. ஏதோ கனவு போல.

“குதிரைங்க நின்னுக்கினுதானே மேடம் தூங்கும்?” என்றார் ஏழுமலை.

“நின்னுக்கிட்டு தூங்குறது கோழித் தூக்கம்ங்க. அசந்து தூங்கணும்னா படுத்தாகணும். கொஞ்ச நேரம் போதும், ஆனா அது கட்டாயம் வேணும். பயம் இல்லாம, தரை காய்ஞ்சு இருந்தாதான் படுக்கும். இல்லன்னா எத்தனை நாளானாலும் நின்னுக்கிட்டே இருக்கும். அப்புறம் கண்ணு சொக்கி முட்டி மடங்கும். அந்தப் புண்ணு அப்படி வந்ததுதான். உங்ககிட்ட எங்க கட்டி இருந்துச்சு?”

“உப்புக் கொட்டாய்ல. நல்ல ஓடு மேடம். ஒரு சொட்டு ஒழுகாது.”

“குளிருக்கு எதாவது போத்துனீங்களா? இந்தக் குளிரெல்லாம் குதிரைக்கு ஒண்ணுமே இல்ல. முடியைச் சிலுப்பி விட்டுக்கிட்டா அதுவே கம்பளி. முடி நனையாம இருந்தா போதும்.”

ஏழுமலை அஞ்சலையைப் பார்த்தார்.

“சாக்கு...” என்றார் அஞ்சலை. குரல் உள்ளே போய்விட்டது. “உப்புச் சாக்கு மேடம்.”

மரக்காணத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் உப்பு ஊறிய எதுவும் காயாது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு சொதசொதவென்று கிடக்கும். வருஷக்கணக்காக உப்புக் கொட்டிய தரையும் அப்படித்தான்.

“ஒழுகாது மேடம்,” என்றார் அஞ்சலை. “ஆனா தரை வேர்க்கும். அந்தக் கொட்டாய்ல நான் ஒரு தீப்பெட்டி வெக்க மாட்டேன், நமுத்துப் பூடும்னு. தீப்பெட்டிய வெக்காதவ... குதிரயக் கொண்டுபோய்க் கட்டி வெச்சேனே. ஈரச் சாக்க வேற தெனம் போத்துனேன். அது படுக்காம நின்னுது. அதப் போய் சோம்பேறின்னோம்.”

அழுதுவிட்டார். ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கவனிக்காமல் விட்டிருந்தால்கூட ஒரு கணக்கு. பார்த்துப் பார்த்துச் செய்ததல்லவா இது?

நின்றபடி தூங்குவதைப் பார்த்து வியக்கிற வியாதி நம்மில் பலருக்கும் உண்டு என்று நினைக்கிறேன். காலை ஈசிஆர் பஸ்ஸில் நைட் டியூட்டி முடித்த ஒரு நர்ஸ் பெண் கம்பியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டு வரும். “எப்டித் தூங்குது பாரு, கெட்டிக்காரப் பொண்ணு!” என்று சீட்டில் உட்கார்ந்தபடி பாராட்டுகிறோம். எழுந்து இடம் கொடுப்பதில்லை. விழாமல் நிற்கிறவருக்கு எதுவும் தேவையில்லை என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

எங்கள் பேச்சுச் சத்தத்தில் மல்லிகா கண் திறந்தது. எங்களைப் பார்த்தது. உடனே முன்னங்காலை ஊன்றி, உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது. அஞ்சலையிடம் வந்து வெங்காயக் கையை மோந்து பார்த்தது. கோபம் எதுவும் இல்லை. பழையபடி பின்னங்காலை மடக்கி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

“படு கண்ணு... படுத்துக்கோ,” என்று அஞ்சலை கழுத்தைத் தடவிக் கெஞ்சினார். ம்ஹூம்.

காலையில் கத்தியதற்குப் பலராமனுக்கு இப்போது கூச்சம். “ஒனக்கு மனசு கேக்கலன்னா திருப்பி ஓட்டிட்டுப் போம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டாண்ட மணல் கொட்டிக் கட்டலாம்...” என்று ஆரம்பித்தார்.

அஞ்சலை வைக்கோலைப் பார்த்தார். மல்லிகா படுத்த இடம் இன்னும் அமுங்கித்தான் இருந்தது. மணல் கொட்டினாலும் அடுத்த மழைக்கு அங்கே அதே காற்று, அதே உப்புதானே?

“வேணாம்ண்ணா. இங்கயே இருக்கட்டும்,” என்றார் பலராமனிடம். “சாக்கு மட்டும் போத்தாதீங்க.”

காரில் திரும்பினோம். அனுமந்தை தாண்டியபோது ஏழுமலையின் போன் அடித்தது. பலராமன்தான்.

நாங்கள் கிளம்பிய பிறகு மல்லிகா மறுபடி படுத்துவிட்டதாம்.