கிரேக்கக் கிண்ணத்தில் பாயசம்

எங்கள் வீட்டில் பாயசம் குடிக்கக் கிண்ணங்கள் இல்லாமலில்லை. அப்பா சமையல் வேலை செய்த உணவகத்தில் கழித்துவிட்ட வெள்ளைக் கிண்ணங்கள் அலுமாரி நிறைய இருந்தன. அப்படியிருக்க, பெரியம்மாவுக்கு அந்தக் கிரேக்கக் கிண்ணத்தில்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் எனக்கு ஏன் புத்தி போனது என்று கேட்டால், வேறென்ன, வீட்டில் இருந்தவற்றுள் அதுதான் வடிவான சாமான்.

அதைத் தந்தவர் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர், ஒரு கிரேக்கர். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க்கில் மேல்மாடியில் அவர், பேஸ்மென்டில் நாங்கள். அப்பா வேலை செய்ததும் அவருடைய உணவகத்தில்தான். ஒரு கோடையில் ஏதென்ஸுக்குப் போய்வந்தவர், இரண்டு பக்கமும் காதும் கீழே குட்டைக் காலும் வைத்த அகன்ற மண் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆட்கள் வைன் குடித்த கிண்ணத்தின் நகலாம்; அசல் ஏதோ மியூசியத்தில் இருக்கிறதாம். கறுப்பில் செம்மண் நிறத்து உருவங்கள். வெளியே சுற்றிவர ஈட்டியும் கேடயமுமாகச் சண்டை. உள்ளே அடியில் தனியாக ஒரு படம். குடித்து முடிக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

அம்மா கழுவ எடுத்தபோதுதான் உள்ளே பார்த்தார். சிறகு முளைத்த ஒரு பெண், பிறந்தமேனியாகக் கிடக்கும் ஓர் ஆண்பிள்ளையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. சாமிப் படமாம் என்று அப்பா சமாளித்துப் பார்த்தார். சாமி என்றால் ஒரு துண்டுத் துணியாவது உடுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, அம்மா கிண்ணத்தை அலுமாரியின் உச்சித் தட்டில் ஏற்றினார்.

எனக்கு இது போதுமா? மேலே போய் வீட்டுக்காரரிடமே கேட்டேன். வீட்டில் இங்கிலிஷ் ஒழுங்காகப் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். அவர் கதை முழுவதையும் சொன்னார். கதையை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததற்கே அம்மா காதைத் திருகியிருப்பார்.

குளிர் தொடங்கும்போது ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணா, ஷெல்லடியில் செத்துப்போனார். சனமெல்லாம் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த நேரம். விழுந்த இடத்திலேயே யாரோ மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்களாம். கொழும்பிலிருந்து ஒருவர் உணவகத்துக்கு டெலிபோன் எடுத்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவின் அக்காவான பெரியம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். இருதய ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கேட்ட கையோடு மனுசி போய்ச் சேர்ந்துவிடும் என்று அப்பா நடுங்கினார். ஒப்பரேஷன் முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று அவரும் அம்மாவும் தீர்மானித்தார்கள். எனக்கும் சொல்லவில்லை. என் வாயின் நீளம் அவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வீட்டில் விசித்திரங்கள் நடந்தன. மரண அறிவித்தல் சொல்லும் தமிழ் ரேடியோ திடீரென்று பழுதானது. சாமித்தட்டில் விளக்கு வைப்பதையும் அம்மா நிறுத்தினார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் விளக்கேற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதை எப்படிச் சொல்வது? ஸ்மோக் அலாரம் அடிக்கிறது, வீட்டுக்காரர் ஏசுகிறார் என்றார். பாவம், அந்த மனிதர் ஒருநாளும் ஏசியதில்லை.

அப்படியிருக்கும்போது பெரியம்மா, மகனின் பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அம்மா சவ்வரிசியைக் கிண்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெங்காயம் உரித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாத சமையல் அது. முதலில் ஒரு கோப்பையை அண்ணாவின் பங்கு என்று பெரியம்மா எடுத்து வைத்தார். அதற்குள் நான் கதிரையில் ஏறிக் கிரேக்கக் கிண்ணத்தை இறக்கி, பெரியம்மாவுக்கு நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அடுப்போடு நின்ற அம்மா கவனிக்கவில்லை.

பெரியம்மா கிண்ணத்தின் இரண்டு காதையும் பிடித்து மெல்ல மெல்லக் குடித்தார். பாயசம் இறங்க இறங்க முதலில் சிறகு, பிறகு அந்தப் பெண்ணின் குனிந்த முகம், கடைசியாகக் கைகளில் கிடந்தவன். அவன் நெஞ்சில் ஒரு பிளம்ஸ், பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை, ஒட்டியிருந்தது.

"ஆர் பிள்ளை உது?"

எனக்கு வாய் துடித்தது. எத்தனை நாளாக அடக்கிவைத்த கதை! "உவ விடியக்காலத்துச் சாமி, பெரியம்மா. உவவின்ரை மகன் சண்டையிலை செத்துப்போனான். உவவே பறந்துபோய்த் தூக்கிக்கொண்டு வாறா."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை தரையில் விழுந்தது. அப்பா பாய்ந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்பா என்னை அடித்ததே கிடையாது. எனக்கு அதிர்ச்சியில் அழுகைகூட வரவில்லை. என்னைவிட அவருடைய முகம்தான் அடி வாங்கிய முகமாக இருந்தது.

பெரியம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிள்ளை படத்தைத்தானே சொன்னது என்று அப்பாவைக் கடிந்தார். பிறகு அந்தப் பிளம்ஸைப் பெருவிரலால் தள்ளிவிட்டுக் கிண்ணத்துக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"உவவுக்குத் தூக்கவாவது கிடைச்சிருக்கு," என்றார்.

ஆர் சொன்னது அக்கா என்று அம்மா கேட்டார்.

"நீ விளக்கு வைக்காமல் விட்ட அண்டைக்கே தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் படுற பாட்டைப் பார்க்க, தெரியுமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

பிறகு ஏன் பாயசம் கேட்டீர்கள் என்று அப்பா கேட்டார். அவருடைய குரல் குழந்தையின் குரல்போல இருந்தது.

"இண்டைக்கு அவன்ரை பிறந்தநாள்தானே."

அம்மா பெரியம்மாவின் மடியில் விழுந்து கத்தி அழுதார். அப்பா சுவரைப் பார்த்து நின்று அழுதார். பெரியம்மா ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் பெரியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்தப் பேஸ்மென்டில் இன்னும் எதுவும் தெரியாமல் நின்றது நான் மட்டும்தான். படத்தில் இருந்த ஆருக்கோ இவர்கள் இப்படி அழுகிறார்கள் என்றால் இவர்களுக்கு என்ன விசர் என்று எனக்குப் புரியவேயில்லை. முதுகு எரிந்தது, நியாயமாகப் பார்த்தால் அழவேண்டியவள் நான்.

அடி வாங்கியவளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா? அண்ணாவுக்கு எடுத்து வைத்த கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. அண்ணா இண்டைக்கு வரமாட்டார்தானே, அதை நான் குடிக்கட்டோ என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

அவர் கையை எட்டி அந்தக் கோப்பையை எடுத்து என்னிடம் தந்தார்.

"குடி மோனை," என்றார்.