தவிட்டுக்குக் கொடுத்த மகள்

என் மகள் சடங்கானபோது அவளைப் பெற்ற தகப்பனே தாய்மாமனாகப் போய்ச் சீர் வைத்தார். இப்படி ஒரு கூத்து வேறு எங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது.

அப்போது நான் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டி வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. மூன்றாவது இவள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவார்கள். ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துவிட்டு இன்னொருத்தி பிள்ளையை வாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து திருப்பித் தந்துவிடுவாள். இது வேறு ஒருத்தி பிள்ளை என்று நினைத்து எமன் ஏமாந்து போவானாம்.

இவளை வாங்கியது என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டவள், பல வருஷமாகப் பிள்ளை இல்லை. நான் மாசமானதுமே துணைக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கியவள் திருப்பித் தரவில்லை. மூன்று மாதம் கழியட்டும் என்றாள். முதல் இரண்டும் மூன்று மாதத்துக்குள் போனதால் நானும் பயந்து சரி என்றேன். ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். பால் குடிக்க மட்டும் பிள்ளை என் மடிக்கு வரும். குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மூன்று மாதம் கழிந்தது. பிள்ளையைக் கேட்டேன். மதினி சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஒன் மருந்துக் கையால தூக்கித்தான் மொத ரெண்டும் தங்கல. ஒனக்குப் பிள்ளை வேணுமா, பிள்ளையோட உசுரு வேணுமா? நீயே சொல்லு."

வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவள் பக்கம். இனி ஒருநாளும் நான் பெற்றவள் என்று சொல்ல மாட்டேன் என, பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தவிட்டை நம்பியவள் சத்தியத்தை நம்பாமல் இருக்க முடியுமா? மறுநாளே பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள். பிரசவத்துக்குத் தம்பி வீட்டுக்கு வந்துபோனதாக அவள் ஊரில் சொல்லிக்கொண்டாளாம். சொந்தக்காரர்களும் அதை மூடி மறைத்துவிட்டார்கள்.

சீசன் நேரம். நான் வேலைக்குப் போனேன். பால் கட்டி ஜாக்கெட் நனைந்துவிடும். பக்கத்தில் இருந்தவள் தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். அவனை யார் கையிலும் நான் கொடுக்கவில்லை. அதே மருந்துக் கையால்தான் வளர்த்தேன். காய்ச்சல், தடுமன் தவிர அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

மகள் என்னை அத்தை என்றாள். தம்பி பெண்டாட்டியை அக்கா மகள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? முறை சரிதான்.

அவள் சடங்கு இரண்டாயிரத்து ஏழிலோ எட்டிலோ, தீபாவளி லோடு எல்லாம் போய் முடிந்த சமயத்தில் வந்தது. பழத்தட்டும் பட்டுப்பாவாடையும் சுமந்துகொண்டு அத்தைக்காரியாகப் போனேன். தாய்மாமன் மாலையைப் போட்டதும் என் வீட்டுக்காரர் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். தங்கமான மாமன் என்று ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த ஊர்ப் பெண்களுக்குக் கேலி செய்ய முறைமாப்பிள்ளை வேண்டுமே. என் மகனைத் தேடிப் பிடித்து இன்னொரு மாலையை அவன் கையில் திணித்தார்கள்.

"ஏலே, இங்கன வா. ஒன் பொண்டாட்டிக்கு நீயும் ஒரு மாலை போடுலே. ரெண்டு வயசு சின்னவன்னா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். மகனும் வெட்கப்பட்டுக்கொண்டே மாலையைத் தூக்கினான். நான் மதினியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தடுக்க அவளால் முடியும். அவள் குனிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னை அறியாமல் பாய்ந்து மாலையைப் பிடுங்கிவிட்டேன். பூ உதிர்ந்து மணையெல்லாம் சிதறியது. சிரிப்பு நின்றது. "இவுகளுக்கு மருமகளப் பிடிக்கல போல" என்று யாரோ முணுமுணுத்தது மகள் காதிலும் விழுந்துவிட்டது. அந்த அலங்காரத்தோடு முகம் சுருங்கிப் போனாள். அப்படியே என் முகம். ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை.

மகள் மதினி பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஏம்மா, அத்தைக்கு என்னைய ஆகாதா?"

மதினி என்னைப் பார்த்தாள். சபையே என்னைப் பார்த்தது. எந்தத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேனோ, அந்தத் தலை பூவும் நகையுமாக என் எதிரில் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் நம்பவில்லை.