றொசல்லையில் பிரிய மறுத்த பைல்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிள், மொதல்ல என்ன டூல் வாங்குறது?" என்பதுதான். சந்தேகப்படக் கற்றுக்கொள், டூல் அப்புறம் வாங்கலாம் என்பேன். ஹட்டனில் கடை நடத்திய காலம் முழுக்க நான் யாரையும் நம்பாமல்தான் பிழைத்தேன். "நான் ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுருச்சு" என்று சொல்கிறவர் கட்டாயம் என்னமோ பண்ணியிருப்பார். புது ஹார்ட் டிஸ்க் என்று கொழும்பிலிருந்து வருவது யாரோ கழற்றிப் போட்டதாக இருக்கும். கடையை மருமகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கும் இப்போதுகூட, யாராவது சிரித்துக்கொண்டே பென் டிரைவை நீட்டினால் நான் உடனே வாங்கமாட்டேன்.

அப்படிப்பட்ட என்னையே றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடு ஒன்றில் இருந்த பழைய கொம்பியூட்டர் பாடாய்ப் படுத்தியது. கடையை ஒப்படைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது அது.

1. புஷ்பராணியின் மெஷின்

புஷ்பராணி வீட்டிலேயே தையல் தைப்பவர். கார்மென்ட்ஸில் வேலை செய்த தங்கை மூலமாக, நூலால் பூவும் எழுத்தும் தானாகப் போடுகிற பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படத்தை நூல்வேலையாக மாற்றிக் கொடுக்க ஒரு சொப்ட்வெயார் வேண்டும். மெஷின் கம்பனி அதைத் தன் வெப்சைட்டில் இலவசமாகவே போட்டிருந்தது. அதை இறக்கி, பிரித்து, இன்ஸ்டோல் பண்ணிக் கொடுப்பது என் வேலை.

அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "அண்ணே, டவுன் ஸ்கூல் அதிபரு மாதிரிக்கு ஒரு பெட்ஜ் தச்சு காட்டச் சொல்லியிருக்காரு. சரியா வந்துச்சுன்னா எல்லா புள்ளைங்களுக்கும் நான்தான் தைக்கணும். அது கெடைச்சா நான் எம்புள்ளைங்களோட இங்கயே இருந்துருவேன். இல்லாட்டி குவைத்துக்கு வீட்டு வேலைக்குத்தான். ஏஜென்ட்டுகிட்ட பாஸ்போர்ட்ட குடுத்தாச்சு. மாசக் கடைசியில கொழும்புல மெடிக்கல்" என்றார். பேசும்போது கை மட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

லயத்தில் போன் சிக்னல் பனி இறங்கினால் போய்விடும். அவ்வளவு பெரிய பைலை அங்கே இறக்க முடியாது. என் கடையிலும் நெட் லைன் இல்லாததால், ஹட்டனில் நெட், போட்டோக்கொப்பி என்று கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நிஸ்தார் நானாவிடம் போனேன். அவர் என் பென் டிரைவைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒங்கட பென் டிரைவ் ஊர்ல உள்ள எல்லா ஊட்டுக்கும் பெய்த்து வாரது. அத என்ட மெஷின்ல குத்த ஏலா. புதுசா ஒண்டு வாங்குங்க."

"நானா, நான் வைரஸ் எடுக்கிற ஆளு."

"அதத்தான் நானும் சொல்றேன். எடுத்தத எங்க வெச்சீங்களோ!"

புதிது வாங்கினேன். பைல் ஸிப் பண்ணி, மூன்று துண்டாக வந்தது. அவர் சரியாக இறக்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். கடைக்குக் கொண்டுவந்து என் கொம்பியூட்டரில் பிரித்துப் பார்த்தேன். ஒழுங்காகப் பிரிந்தது. அதற்குப் பிறகுதான் றொசல்லைக்கு பஸ் ஏறினேன்.

2. இன்றைக்கு அரை, நாளைக்கு ரெண்டரை

பைலோடு முதல் தடவை போனபோது சி டிரைவ் நிரம்பி வழிந்தது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிரிக்கும் பைலை டி டிரைவில் வை என்று நாம் சொன்னாலும், பழைய விண்டோஸ் முதலில் சி டிரைவில் உள்ள டெம்ப் போல்டரில் கொட்டிவிட்டுத்தான் மற்றதைச் செய்யும். அங்கே இடமில்லை என்றால் பாதியில் நிற்கும். டெம்ப்பைக் கழுவித் துடைத்தேன். புஷ்பராணியும் சினிமாப் படங்களையெல்லாம் அழித்தார். மறுபடி ஓட்டினேன். பாதிக்கு மேல் போய், மெமரி போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது.

ரேம் எவ்வளவு என்று பார்த்தேன். அரை ஜிபி! இறுக்கி மடித்த பைலைப் பிரிக்க விரித்துப் போட இடம் வேண்டும். அந்த இடம்தான் ரேம். அரை ஜிபியில் விண்டோஸ் மூச்சு விடுவதே பெரிய காரியம்.

"ஒங்களுக்கு இத வித்தவன் நல்லா ஏமாத்திட்டான்" என்றேன்.

"இல்லண்ணே, ரெண்டரை ஜிபின்னு காட்டித்தான் குடுத்தாங்க. நானே ஸ்கிரீன்ல பாத்தேன்."

"ஸ்கிரீன்ல என்ன வேணும்னாலும் காட்டுவானுங்க. மூடிய கழட்டுங்க, பாத்துருவோம்."

அவர் முகம் மாறியது. "மூடிய மட்டும் தெறக்க விடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு. கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காமல் எப்படி இருப்பது? திருத்துகிறவன் ரேமை உருவிவிடுவான் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. அப்படி உருவுகிறவனும் உண்டு, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் முகத்துக்கு நேராக யாரும் அதைச் சொன்னதில்லை. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதை அங்கே விட்டு வந்தால் கண்ட கண்ட மெஷினில் குத்தி வைரஸ் ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் புஷ்பராணி போன் பண்ணினார். "அண்ணே, இப்ப ரெண்டரை காட்டுது!"

சரி, பனி ஈரத்தில் ரேம் கொன்டாக்ட் விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று நினைத்தேன். நம் மலையில் இது சகஜம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அப்படியே போனேன். போய் உட்கார்ந்து பார்த்தால் அரை ஜிபி. பைல் பாதியில் செத்தது. திரும்பி வந்தேன். அடுத்த நாள் போன்: "ரெண்டரை!" இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனேன். அரை!

அந்தத் தடவை புஷ்பராணி என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இல்லாத அன்னைக்கு நல்லாத்தான் ஓடுது. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் இப்புடி ஆகுது. அடுத்த திங்கக்கெழம மெடிக்கல். எனக்கு பயமா இருக்கு."

ரேம் விற்பதற்காக நான்தான் ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கோ, இந்தப் பெண் போனில் பொய் சொல்கிறதா என்று ஓடியது. குவைத்துக்குப் போக ஆசை இருக்கிறது, பழியைக் கொம்பியூட்டர் மேல் போடப் பார்க்கிறது என்றுகூட நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

3. சொல்லாமல் போன நாள்

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புத்தியில் பட்டது. நான் வரும் நாளில் மட்டும் கெடுகிறது என்றால், நான் வருவது யாருக்கோ முன்னாலேயே தெரிகிறது. பனிக்கு என் வருகை எப்படித் தெரியும்? அந்த வாரமே, போன் பண்ணாமல், திடுதிப்பென்று போய் வாசலில் நின்றேன்.

புஷ்பராணி திடுக்கிட்டுப் போனார். "என்னாண்ணே, சொல்லாம கொள்ளாம?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று புளுகிவிட்டு கொம்பியூட்டரைப் போட்டேன். ரெண்டரை ஜிபி. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். ரெண்டரையேதான். பென் டிரைவைக் குத்திப் பைலைப் பிரிக்க விட்டேன். இத்தனை நாள் நின்ற இடத்தைத் தாண்டி அது பாட்டுக்கு ஓடியது.

அந்த நேரம் பார்த்து புஷ்பராணியின் புருஷன் தியாகு பகல் சாப்பாட்டுக்கு வந்தார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிரெக்டர் வண்டி ஓட்டுபவர். எதிரே வந்தால் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து, கொம்பியூட்டர் பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"இன்னைக்கு வர்றேன்னு சொல்லலயே! தெறந்தீங்களா?"

"நான் தெறக்கல. நீங்க தெறப்பீங்களோ?"

அவர் கையை மூடியிலிருந்து சட்டென்று எடுத்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: உள்ளே ரேம் இரண்டு துண்டு, ஒன்று அரை ஜிபி, மற்றது இரண்டு ஜிபி.

"நான் வர்ற அன்னைக்கெல்லாம் பெரிய ரேம கழட்டி வச்சது நீங்கதானே?"

புஷ்பராணி புருஷனையே பார்த்தார். தியாகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "போன்ல ஒரு வீடியோவ பாத்துதான் கழட்ட பழகுனேன். இதுல களவு போற சாமான் அதுதான்னு சொன்னாங்க. வேல முடிஞ்சா டிரெக்டர் பெட்டரிய கழட்டி வீட்டுக்கு கொண்டாந்துருவேன்ல, இல்லாட்டி ராவோட ராவா தூக்கிருவானுங்க. அதே மாதிரி இதையும் நீங்க வர்றதுக்கு முன்ன கழட்டி சாமி படத்துக்கு பின்னால வச்சிட்டு, நீங்க போனதும் மாட்டிருவேன். ஒங்கள குறிச்சு இல்லண்ணே, யாரு வந்தாலும் அப்புடித்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏன்யா, ஒத்த ரேமுக்காக என்ன எத்தன தடவ பஸ்ஸுல அலைய விட்டீங்க! நான் என்ன களவாணியா?"

"நீங்க மட்டும் என்னாண்ணே? அந்த பென் டிரைவ ஒரு தடவயாவது இங்க விட்டுட்டு போனீங்களா? விட்டுருந்தா இவ ராத்திரியே போட்டுருப்பா."

"விட்டா வைரஸ் ஏத்திருவீங்கன்னுதான் விடல!" என்று நானும் கத்தினேன். பைல் பிரிந்து முடிந்து, இன்ஸ்டோல் ஆரம்பமாகியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

4. புஷ்பராணி கேட்டது

நாங்கள் இரண்டு பேரும் ரேமையும் பென் டிரைவையும் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது புஷ்பராணி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். சத்தம் அடங்கியதும் தியாகுவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது ஓடலன்னா நான் போயிருவேன்னு ஒங்களுக்கு தெரியும். நான் தெனம் அழுததும் தெரியும். தெரிஞ்சும் கழட்டி வச்சீங்க. நான் போகட்டும்னுதானே? குவைத்து காசு வரட்டும்னுதானே?"

"அடி பாவி!" என்றார் தியாகு. "ஒரு சாமானு களவு போனாலும் இது படுத்துரும். இது படுத்துச்சுன்னா நீ பொட்டிய கட்டிருவ. அந்த பயத்துலதான்டி கழட்டுனேன். கழட்டுனா அந்த பைலு பிரியாதுன்னு சத்தியமா எனக்கு தெரியாது. லைட்டு எரியுது, படம் தெரியுது, ஓடுதுன்னுதான் நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். ஸ்குரு டிரைவரை எடுத்துப் பையில் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தேன்.

புஷ்பராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப வாங்க. ஹட்டனுக்கு போயி பாஸ்போர்ட்ட வாங்கிருவோம்."

"நீ இரு, நான் போயி வாங்கிட்டு வர்றேன்."

"அதெல்லாம் வேணாம். ஏஜென்ட்டு தரமாட்டேங்குறான்னு வந்து சொன்னீங்கன்னா நான் எப்புடி நம்புறது? எங்கையில வாங்குனாத்தான் எனக்கு தூக்கம் வரும்."

தியாகு சட்டையை மாற்றினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூடிய கழட்டி ஈரம் கீரம் இருக்கான்னு பாருங்கண்ணே. நாங்க வந்துர்றோம்" என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர்கள் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். "தியாகு குடுக்கச் சொன்னுச்சு" என்றார். டீ குடித்து முடித்துக் கோப்பையைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர எழுந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடியைக் கழற்றி அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டே தூசி தட்டினேன்.

இருட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் வந்தார்கள். ஏஜென்ட் சத்தம் போட்டிருக்கிறார், புஷ்பராணி அவர் ஒபிஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பெட்ஜை அன்றைக்கே தைத்தோம். முதலாவதில் நூல் சிக்கியது. இரண்டாவது ஒழுங்காக வந்தது, அதிபருக்கும் பிடித்துப்போனது.

பைல் பிரியவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள், டெம்ப்பைப் பாருங்கள், ரேமைப் பாருங்கள். யாரையும் நம்பு என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்கே அது இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்குரு டிரைவரை எடுக்கும் முன் அந்த வீட்டில் இருக்கிற எல்லாரையும் உட்கார வைத்து, இது ஓடாவிட்டால் உங்களுக்கு என்ன போகும் என்று கேளுங்கள். புஷ்பராணி முதல் நாளே அதை எனக்குச் சொல்லிவிட்டார். தியாகுவிடம் நான் கேட்கவே இல்லை.